கித்தாக்காட்டுக் காய்ச்சல் – 14: கப்பலேறிப் போன பூசணம்

போன அத்தியாயம் வெளிவந்த மறுநாள் ரந்தாவிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "கொயினாவப் பத்தி எழுதினீங்க, டிரஸ்ஸரப் பத்தி எழுதினீங்க. எண்ணெ அடிச்சவன மட்டும் விட்டுட்டீங்களே தம்பி" என்றார். அவருடைய அப்பா தோட்டத்தில் பேர் பதிந்தவர்தான், ஆனால் ஒருநாளும் பால் வெட்டியதில்லை. ஓடைக்கு எண்ணெய் அடித்தே காலம் போனதாம். "அப்பா பக்கத்துல படுத்தா மண்ணெண்ணெ வாடை. எங்க லயத்துல அவர் பேரே எண்ணெக்காரர்தான்."

சொன்னது நியாயம். ஆகவே இந்த அத்தியாயத்தை எண்ணெய்க்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அவரோடு முடியாது. அவர் எண்ணெய் அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கொசுவைக் கொல்லும் இன்னொன்று இதே மண்ணில், ஒரு புழுவின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. அதை இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டவர்கள் அதைக் கப்பலேற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

முதலில் எண்ணெய். பிரட்டு முடிந்து மற்றவர்கள் வெட்டுக்குப் போனதும் இவர் முதுகில் தகரத் தொட்டியை மாட்டிக்கொண்டு மேட்டுக் காட்டுக்கு ஏறுவார். மலை மடிப்பில் ஊற்று எங்கே கசிகிறதோ அங்கே தொடங்கி, ஓடை ஓடும் வழியெல்லாம் பீச்சிக்கொண்டே இறங்க வேண்டும். தண்ணீர்மேல் மெல்லிய படலமாக எண்ணெய் விரியும். மூச்சு வாங்க மேலே வரும் கொசுப்புழு மூச்சடைத்துச் சாகும். வேலை அவ்வளவுதான். ஆனால் வாரம் தவறாமல் செய்ய வேண்டும். இந்த நாட்டு வெயிலில் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்கப் பத்து நாள் போதும். மாட்டின் குளம்புத் தடத்தில் தேங்கிய தண்ணீர் ஒன்று கண்ணுக்குத் தப்பினாலும் லயத்தில் இரண்டு பிள்ளைகள் குளிரில் நடுங்கும்.

கடற்கரைத் தோட்டங்களில் இத்தனை பாடு கிடையாது. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் கண்டுபிடித்த விஷயம் அது. கரையோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் நிழல் விரும்பி. காட்டை வெட்டி வெளிச்சம் விட்டு, வாய்க்கால் எடுத்தால் அது ஒழிந்துபோகும். அதே வைத்தியத்தை மேட்டு நிலத்தில் செய்தார்கள். காய்ச்சல் குறைவதற்குப் பதிலாகக் கொள்ளை நோயானது. மலையோரத்து அனோபிலிஸ் மக்குலேட்டஸ் வெயில் விரும்பி. தெளிந்த ஓடையில் சூரியன் பட்டால்தான் அதற்குக் கொண்டாட்டம். நெகிரி செம்பிலானில் பெரும்பகுதி மேடும் மடிப்பும். சிரம்பான், லாபு, மந்தின், கோலா பிலா, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் ரப்பர் நடக் காட்டை அழித்த கையோடு அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மரம் வெட்டியவர்களும் தமிழர்கள்தான், அந்தக் காய்ச்சலில் செத்தவர்களும் அவர்கள்தான். 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் இறப்பு ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது. தோட்டத் தொழிலாளர் சுகாதாரத்துக்கென்று சட்டம் வந்ததும், மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்ததும் அந்த வருடம்தான்.

மலேரியா எவ்வளவு என்று அளக்க வாட்சன் பிடித்த வழி பிள்ளைகளின் வயிறு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்ப்பார்கள். மண்ணீரல் வீங்கியிருந்தால் விரலில் தட்டுப்படும். நம் கிழவிகள் அதற்குக் காய்ச்சல்கட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டி என்பதே தோட்டத்தின் மலேரியாக் கணக்கு. ஓடைகளுக்கு அடியில் சுட்ட மண் குழாய் பதித்தார்கள், குழாய் பதிக்க முடியாத இடங்களில் எண்ணெய் அடித்தார்கள். அந்தக் கணக்கு இறங்கியது.

எண்ணெய் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைச் சப்பான்காரன் காலம் காட்டியது. எண்ணெயும் இல்லை, கொயினாவும் இல்லை. 1943 கடைசியில் சிங்கப்பூரிலிருந்து யுரேசியக் கத்தோலிக்கர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் பகாவுக்கு அருகே குடியேற்றி, காட்டை அழித்துப் பயிர் செய்யச் சொன்னார்கள். அவர்களில் ஏராளமானவர்களை மலேரியா தின்றது. முப்பது வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் பட்டது அதுதான். பகாவ் துயரத்துக்குச் சிங்கப்பூரில் நினைவுப் புத்தகங்கள் உண்டு. நம்முடையது லயத்துப் பேச்சோடு கரைந்துபோயிற்று.

இனி அந்தப் புழுவிடம் வருகிறேன்.

வாட்சன் ஓடைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ரப்பர்க் கோப்பைகளை யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் காரணமும் இல்லை. மழைநாளில் வெட்டு இருக்காது. கவிழ்க்க மறந்த கோப்பையில் தண்ணீர் நிற்கும். காய்ந்த பாலின் தோல் ஓரத்தில் சுருண்டிருக்க, நடுவில் புழு நெளியும். அது மலேரியாக் கொசு இல்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட பகல் கொசு, ஏடிஸ் அல்போபிக்டஸ். வெட்டுக்காரர்கள் இடுப்பில் கொசுவர்த்தியைக் கட்டிக்கொண்டு நடப்பது இதற்குப் பயந்துதான். அன்றைய ஆவணங்களில் இதன் பெயர் ஸ்டெகோமியா ஸ்கூட்டெல்லாரிஸ்.

மலாயாவில் பணியாற்றிய லாம்போர்ன் என்ற பூச்சியியல் மருத்துவர் இந்த இனத்தின் புழு ஒன்றைப் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் கைக்குப் போனது. கெய்லின் மாஸ்கோவில் பிறந்த போலந்து யூதர். செல்கள் எப்படி மூச்சுவிடுகின்றன என்பதை விளக்கும் சைட்டோகுரோம் என்ற பொருளைப் பின்னாளில் அடையாளம் கண்டு பெரும் பெயர் எடுத்தவர். அப்போதோ ஈயும் புழுவும் அறுத்துப் பார்ப்பதே வேலை. மலாயாப் புழுவின் தோலுக்குள் இரத்தம் ஓட வேண்டிய இடமெல்லாம் முட்டை வடிவத்தில், தடித்த சுவருடைய பழுப்பு மணிகள் அடைந்துகிடந்தன. கேழ்வரகைத் திணித்த தலையணை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை யாரும் பார்த்திராத பூசண வகை அது. 1921-இல் அதற்கு சீலோமோமைசஸ் ஸ்டெகோமியே என்று பெயரிட்டு எழுதினார். உடற்குழிப் பூசணம் என்று பொருள். இன்று பல இனங்கள் சேர்ந்துவிட்ட அந்தப் பூசணக் குடும்பத்துக்கு மூலம் மலாயாவிலிருந்து போன அந்தப் புழு.

பூச்சியைப் பூசணம் கொல்லும் என்பது அப்போதே பழைய செய்தி. பட்டுப்புழுக்கள் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போல் விறைத்துச் சாவதற்கு ஒரு பூசணமே காரணம் என்று இத்தாலியர் அகொஸ்தினோ பாசி 1835-இலேயே காட்டிவிட்டார். ஒடெஸ்ஸாவில் மெச்னிகோவ் 1879-இல் பச்சைப் பூசணம் ஒன்றைக் கோதுமை வண்டுமேல் ஏவிப் பார்த்தார். அந்தப் பச்சைப் பூசணத்தின் பெயர் மெட்டாரைசியம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் தோட்டத்துக்கு அது பின்னால் வருகிறது. கெய்லின் கண்டது இதிலிருந்து வேறு. தண்ணீரில் வாழும் கொசுப்புழுவுக்கென்றே பிறந்தது போன்ற பூசணம் அது.

இந்த ஆராய்ச்சியைத் தென்னிந்தியாவில் தொடர்ந்தவர் ஒரு ஐயங்கார். எம். ஓ. டி. ஐயங்கார் வங்காளத்தில் மலேரியாவும் திருவிதாங்கூரில் யானைக்காலும் ஆராய்ந்தவர். கொசு ஆராய்ச்சி உலகத்தில் பெரிய பெயர், நம் ஊரில் யாருக்கும் தெரியாத பெயர். 1935-இல் அவர் அனோபிலிஸ் புழுக்களில், அதாவது மலேரியாக் கொசுவிலேயே, இந்தப் பூசணத்தின் இரண்டு புதிய இனங்களைப் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து விவரித்தார். மலாயாவில் ஏடிஸ் புழுவில் கண்டதன் சொந்தக்காரன் மலேரியாக் கொசுவையும் தின்கிறான் என்று இப்போது தெரிந்துபோனது. நியாயமாகப் பார்த்தால் தோட்ட முதலாளிகள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகச் செலவாகிக்கொண்டிருந்த காலம் அது.

விழிக்கவில்லை. அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பூசணம் ஆய்வுக்கூடத்துக்கு அடங்கவே இல்லை. செத்த புழுவிலிருந்து மணிகளை எடுத்து ஆரோக்கியமான புழு இருக்கும் தண்ணீரில் கொட்டினால் சில நேரம் நோய் பற்றும், பல நேரம் பற்றாது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. புரியாத ஒன்றை நம்பி எந்தத் துரை எண்ணெயை நிறுத்துவான்?

புரியாமலே ஒருவர் துணிந்தார். நியூசிலாந்துக்காரர் மார்ஷல் லேர்டு, 1950-களில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியல் சொல்லிக்கொடுத்தவர். பசிபிக் நடுவே டோக்கெலாவ் என்று மூன்று பவளத் தீவுகள். அங்கே ஏடிஸ் வகைக் கொசு யானைக்காலைப் பரப்பிக்கொண்டிருந்தது. மரப்பொந்திலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பிறக்கும் கொசு. 1958-இல் லேர்டு சிங்கப்பூரில் பிடித்த ஏடிஸ் அல்போபிக்டஸ் புழுக்களிலிருந்து இந்தப் பூசணத்தை எடுத்துப்போய் நுகுநோனு என்ற தீவில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் ஊற்றினார். மற்ற தீவுகளை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்தார். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பூசணம் அங்கே உயிரோடு இருந்தது. கொசுப்புழுவுக்கு நோய் கொடுக்கும் உயிரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியதில் முன்னோடியான முயற்சி அது. கொசு ஒழிந்துவிடவில்லை. பூசணம் அங்கே நிலைத்தது, கொசுவும் நிலைத்தது.

மர்மம் விடுபட 1974 ஆனது. ஹோவர்ட் விஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் அதை அவிழ்த்தார்கள். கொசுப்புழுவிலிருந்து வெளிவரும் வித்து நேராக இன்னொரு கொசுப்புழுவைத் தொற்றுவதில்லை. நடுவில் சைக்ளோப்ஸ் என்ற நீர்ப்பூச்சி வேண்டும். முதலில் அதற்குள் புகுந்து வளர்ந்து, அதைக் கொன்று வெளியே வந்து, பிறகே கொசுப்புழுவைப் பிடிக்கிறது. தண்ணீரில் சைக்ளோப்ஸ் இருந்தால் நோய் பற்றும், இல்லாவிட்டால் பற்றாது. இத்தனை வருடம் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அந்தப் பூச்சிதான்.

சைக்ளோப்ஸ் நமக்குப் புதியவன் இல்லை. படிக்கட்டுக் கிணற்றுத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போய் நரம்புச் சிலந்தியைக் கொடுத்தவன் அவனே. ஊரில் அம்மாக்கள் முந்தானையில் வடிகட்டித் தண்ணீர் கொடுத்தது அவனைத் தடுக்கத்தான், பேர் தெரியாமல். ஒரு நோயைச் சுமந்தவனே இன்னொரு நோயைச் சுமக்கும் கொசுவுக்கு எமனைத் தூக்கிக்கொண்டு போகிறான். இயற்கையிடம் நல்லவன், கெட்டவன் பட்டியல் கேட்டால் இப்படித்தான் கையை விரிக்கும்.

இரண்டு உயிர்களை ஒரே நேரத்தில் வளர்த்தால்தான் இந்தப் பூசணத்தைப் பெருக்க முடியும் என்று தெரிந்ததும் அதை வியாபாரமாக்கும் ஆசை அடங்கிப்போனது. போதாததற்கு டிடிடி ஏற்கெனவே வந்து மேடையைப் பிடித்திருந்தது. 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது லயத்துச் சுவர்களில் வெள்ளையாகப் படிந்தது அதுதான். மருந்து அடித்துவிட்டுப் போனபின் சுவரைத் துடைக்கக் கூடாது என்று டிரஸ்ஸர் வீடு வீடாகச் சொல்லிப் போனது இன்று அறுபது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். டிடிடியால் உயிர் பிழைத்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள், அதை மறைப்பது பாவம். ஆனால் வட போர்னியோவில் அத்தாப்புக் கூரைகள் பொத்துக்கொண்டு விழுந்த கதையும் சேர்ந்தே இருக்கிறது. கூரை ஓலையைத் தின்னும் புழுக்களை அடக்கி வைத்திருந்த குளவிகளை மருந்து கொன்றது, புழுக்கள் பிழைத்துக்கொண்டன. செம்பனைத் தோட்டங்களில் விஷம் தெளிக்கத் தெளிக்கப் பைப்புழுக்கள் பெருகி ஓலையை மொட்டையடித்ததும் இதே கணக்குத்தான். பூச்சியியலாளர் பி. ஜே. வுட் 1960-களில் தோட்டங்களுக்குச் சொன்ன புத்தி: மருந்தை நிறுத்து, புழுவின் எதிரிகள் திரும்பி வரட்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. ரப்பர் நாற்று இலங்கையிலிருந்து பசிபிக்கின் சமோவாவுக்கு 1909-இல் போனபோது அந்த மண்ணோடு காண்டாமிருக வண்டும் ஒளிந்து போனது. தீவின் தென்னைகளை அது குடைந்து தள்ளியது. ஜெர்மானியர்கள் அங்கே முதல் உலகப் போருக்கு முன்பே நான் நினைவில் வைக்கச் சொன்ன பச்சைப் பூசணத்தைப் பரப்பிப் பார்த்தார்கள். பலன் அரைகுறை. 1963-இல் ஆலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானியர் வண்டின் பிறந்த வீட்டுக்கே, அதாவது மலேசியாவுக்கு, அதன் எதிரியைத் தேடி வந்தார். இங்கே வண்டுப் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 'மலாயா நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். 1967-இல் சமோவாவில் விட்டதும் வண்டு அடங்கியது. ஆக, பத்து வருட இடைவெளியில் நம் பக்கத்திலிருந்து இரண்டு கிருமிகள் பசிபிக்குக்குப் போயிருக்கின்றன. மனிதனின் நோய்க்குப் போனது தோற்றது, தென்னையின் நோய்க்குப் போனது ஜெயித்தது.

தோட்டத்திலும் அதே கதை நடந்தது. ரப்பரைச் சாய்த்துவிட்டு செம்பனை வந்தது. செம்பனையை மறுநடவு செய்யும்போது பழைய மரங்களை எரிக்கக் கூடாது என்றானதும், சீவிப் போட்ட தண்டுகள் மக்கிக் கிடந்த குவியலில் காண்டாமிருக வண்டு கூட்டங்கூட்டமாகப் பெருகியது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் மெட்டாரைசியத்தை எடுத்து, பெருக்கி, தூளாக்கி, குவியல்கள்மேல் தெளிக்கக் கொடுத்தார்கள். மக்கிய குவியலை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் பருமனுள்ள வண்டுப் புழு சுருண்டு, விறைத்து, வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதற்கு முன்பே செத்தது, பாசிப்பயறு மாவைப் பூசிவிட்டதைப் போலப் பச்சையாய் இருந்தது. விரலில் ஒட்டிய அந்தப் பச்சைத் தூள் முழுக்க வித்து. ஒவ்வொரு வித்தும் இன்னொரு புழுவின் தோலில் உட்கார்ந்து, துளைத்து, உள்ளே போய், இரத்தத்தில் வளர்ந்து, கொன்று, மறுபடி வெளியே பச்சையாகப் பூக்கும்.

இதே மெட்டாரைசியம் வளர்ந்த கொசுவையும் கொல்லும். தண்ணீர் வேண்டாம், சைக்ளோப்ஸ் வேண்டாம். கொசு அதன்மேல் உட்கார்ந்தாலே போதும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டான்சானியாவின் லுபிரோ கிராமத்தில் வீட்டுக் கூரையிலிருந்து கறுப்புப் பருத்தித் துணியைத் தொங்கவிட்டு அதில் வித்தைப் பூசினார்கள். இரத்தம் குடித்துவிட்டு ஓய்வெடுக்க உட்கார்ந்த கொசுக்களின் காலில் வித்து ஒட்டியது. சாகச் சில நாள் ஆகும். ஆகட்டுமே என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். கொசு உறிஞ்சிய மலேரியாக் கிருமி அதன் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் கொசு செத்துவிட்டால் அது வெறும் கடி, காய்ச்சல் இல்லை. ஒருவருக்கு வருடத்தில் விழும் 262 நோய்க் கடிகள் 64-ஆகக் குறையும் என்று அந்த ஆய்வு கணக்குப் போட்டது. பிறகு புர்கினா பாசோவில் சிலந்தி விஷத்தின் மரபணுவைப் பூசணத்துக்குள் ஏற்றி, வலை அடித்த கூடத்துக்குள் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவு: 45 நாளில் கொசுக் கூட்டம் ஏறக்குறைய முழுக்கச் சரிந்தது. இவ்வளவு நடந்தும் வீட்டுக்குள் கறுப்புத் துணி தொங்கும் நாள் எங்கும் வரவில்லை. வித்து வெயிலிலும் வெப்பத்திலும் சில மாதங்கூடத் தாங்குவதில்லை, அடிக்கடி புதிதாகப் பூச வேண்டும். கொசுவலை அதைவிட மலிவு.

மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து வரும் மலேரியா காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. டிங்கி ஊருக்குள் குடியிருக்கிறது. கெய்லினின் மணிகளை வயிற்றில் சுமந்த அதே கோடு போட்ட கொசு, இன்று சிரம்பான் வீட்டுமனைகளின் பூந்தொட்டித் தட்டில் பிறக்கிறது. புகைமருந்து வண்டி வரும், வெள்ளைப் புகை போகும், மறுநாள் கொசு வரும். மரத்தைக் காக்கப் பூசணத் தூள் லாரியில் வந்து இறங்குகிறது, மரத்தடியில் வேலை செய்கிறவருக்கு இன்றும் இடுப்பில் கொசுவர்த்திதான். அறிவியலில் உள்ள கஷ்டம் ஒரு பக்கம் உண்மை. எதற்குப் பணம் செலவழிக்கத் தோன்றுகிறது என்பதும் உண்மை. இரண்டாவதற்கே அதிகப் பங்கு என்பது என் கட்சி.

ரந்தாவ் பெரியவரிடம் அப்பா எண்ணெய் அடிக்கும் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். லயம் இடித்தபோது தகரத் தொட்டியும் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டதாம். வாட்சனின் படம் புத்தகங்களில் இருக்கிறது, கெய்லினுக்கும் லேர்டுக்கும் இருக்கிறது. முதுகில் தொட்டியோடு நிற்கும் ஒரு தமிழனின் படமோ, அவர் பெயர் உள்ள செக்ரோல் தாளோ உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த அத்தியாயம் தோட்டத்து ஆயக்கொட்டகை பற்றியது. அதற்குள் வந்து சேர்ந்தால், அதற்கு முன்னால் இந்த எண்ணெய்க்காரர்களின் பெயர்களைப் போடுகிறேன்.